புதுப்பிப்பு: படகு ஸ்டீரியோவுக்குத் தனி பேட்டரி போட்டாச்சு

நங்கூரம் போட்டு இரண்டு மணி நேரம் பாட்டு கேட்டால் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஸ்டார்ட்டிங் பேட்டரியின் மெல்லிய தகடுகள் சில நொடிகள் பெரிய மின்னோட்டம் தருவதற்கானவை. மணிக்கணக்கில் வடித்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதை எஞ்சினுக்கு மட்டும் விட்டுவிட்டு, ஸ்டீரியோவுக்கு 100 ஆம்பியர்-மணி டீப் சைக்கிள் ஏஜிஎம் (மணிக்கணக்கில் வடித்தாலும் தாங்கும் ஒரு வகை ஈய பேட்டரி) போட்டேன். நடுவே ஒரு ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும். என் ஆம்ப்ளிஃபயர் சராசரியாக 8 ஆம்பியர் இழுக்கிறது. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது என்பதால் 50-ஐ 8-ஆல் வகுத்தேன்: சுமார் 6 மணி நேரம். ஞாயிறன்று அவ்வளவு நேரமும் கேட்டோம், எஞ்சின் முதல் முறையிலேயே கிளம்பியது. எவ்வளவு நிம்மதி!

அப்புறம், பராமரிப்பு. பாட்டை நிறுத்தி, பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளக்கிறேன். 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதி. கரைக்கு வந்த அன்றே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுகிறேன். குறைந்த சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு கொள்ளளவு போய்விடும்.

லித்தியம் பேட்டரி போடச் சொன்ன நண்பருக்கு: ஆசைதான், ஆனால் அதற்கேற்ற சார்ஜர் வேண்டும், எஞ்சினோடு ஓடி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பாதுகாக்க வேண்டும். இப்போதைக்கு இதுவே போதும்.