பத்துக்குப் பன்னிரண்டு அறை, 25 நாள் குழந்தை: தொட்டிலா, மரக்கட்டிலா, தரையா?

செல்லூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். செல்லூரில் லைன் வீடு, வாடகைக்கு இருக்கோம். ஒரே அறை, 10க்கு 12 அடி. அதை ஒட்டி ஒரு ஆள் நிற்கிற அளவுக்குச் சமையல்கட்டு. கான்கிரீட் தளம், நடுவில் இருக்கிற ஒரே கொக்கியில் ஃபேன் தொங்குது. 4க்கு 6 இரும்புக் கட்டில் ஒரு சுவரோரம், எதிரே பீரோ, மேலே பரணில் அண்டா குண்டான். ஆட்கள்: நான், வீட்டுக்காரர், அத்தை, யூகேஜி படிக்கிற மூத்தவள். சின்னவனுக்கு 25 நாள். நிறைமாதம், 2.9 கிலோவில் பிறந்தான்.

முப்பதாம் நாள் தொட்டில் போடணும். அன்றிலிருந்து ராத்திரியும் சேலைத் தொட்டிலிலேயே போடலாம் என்று அத்தை சொல்றாங்க. கம்பி வைத்த மரக்கட்டில் வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். அதை வைத்தால் நடக்க இடமில்லை. தரையில் என்னோடு போட்டுக்கலாமா? எறும்பு, ஈரம், கொசு மூன்றும் இருக்கு. ஸ்பிரிங் தொட்டில் நல்லதா, ஃபேன் கொக்கியிலேயே சேர்த்து மாட்டலாமா என்றும் சொல்லுங்க.

ஆறாம் வார்டு:
ராத்திரிக்குத் தொட்டில் வேண்டாம்மா. சடங்கைத் தாராளமாகச் செய்யுங்கள். பகலில் ஆள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது அரைமணி, முக்கால்மணி ஆட்டுங்கள். தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் போட்டுவிடுங்கள்.

அத்தையிடம் காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள். சேலைத் தொட்டிலில் முதுகு வில்லாக வளையும். பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பிடிமானம் இல்லை. முதுகு வளைந்ததும் தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். இப்படி மூச்சு குறையும் குழந்தை அழாது, கைகாலை உதறாது. தூங்குகிற மாதிரியே இருக்கும். துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்வதால் குனிந்து எட்டிப் பார்த்தால்தான் முகமே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எட்டிப் பார்ப்பது? பகலில் போடும்போதும் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். குறைமாதக் குழந்தை, இரண்டரை கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் பகலிலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் திருத்திய வழிகாட்டியில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த எந்த இடமும் தூக்கத்துக்கு ஆகாது என்று இருக்கிறது. முதல் 6 மாதமாவது அம்மா படுக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ஒரே அறை என்பதால் பாதி உங்களுக்கு ஏற்கெனவே அமைந்துவிட்டது.

மல்லாக்கப் போட்டால் கக்கியது மூச்சில் ஏறும் என்பார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே இருக்கும். கக்கியது கீழ்ப்பக்கமே தங்கும், குழந்தை விழுங்கிவிடும். குப்புறப் போட்டால்தான் அது மூச்சுக்குழாய் வாயிலுக்கு வரும். பால் குடித்ததும் பத்து நிமிடம் தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள், போதும்.

தரைதான் உங்கள் வீட்டுக்குச் சரி. பாய், அதன்மேல் ஜமுக்காளத்தை நாலாக மடித்து, ரப்பர் ஷீட், அதற்கும் மேல் பழைய பருத்தி வேட்டி. வேட்டியின் நாலு ஓரத்தையும் அடியில் இழுத்துச் செருகுங்கள், மேலே சுருக்கம் நிற்கக் கூடாது. ரப்பர் ஷீட் நேராக உடம்பில் பட்டால் நம் ஊர் புழுக்கத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு. போடியிலிருந்து வருகிற இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம், குழந்தைக்கு ஆகாது. புதுசாக அடைத்தது பொதபொதவென்று இருக்கும், தலை அமுங்கும், முகம் திரும்பினால் மூக்கு புதையும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே மேலே வரவேண்டும். அதுதான் சோதனை.

கடுகுத் தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைப்பதுதான், ஆனால் கழுத்து முன்னால் மடங்கும், தையல் விட்டால் கடுகு மூக்கில் போகும். ஒரு நாள் கிழக்கே தலை, மறுநாள் மேற்கே தலை என்று மாற்றிப் படுக்க வையுங்கள். வெளிச்சம் வரும் பக்கம் குழந்தை திரும்பும், ஒரே பக்கம் தட்டையாகாது. விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். கழுத்தில் கறுப்புக் கயிறோ கையில் வசம்பு வளையலோ இருந்தால் தூக்கத்துக்கு முன் கழற்றிவிடுங்கள். திருஷ்டிக்கு இரும்பு வைத்தே ஆகவேண்டும் என்றால் பாய்க்கு வெளியே, கால்மாட்டில்.

உப்புத்தாள்:
தங்கச்சி, கொக்கி விஷயத்துக்கு மட்டும் வர்றேன். ஃபேன் கொக்கியில தொட்டில் மாட்டவே கூடாது. ஃபேன் ராடுலயும் கூடாது. ஆட்டம் ஏறினா கொக்கி உள்ள தேயும், ஃபேனோட சேர்ந்து இறங்கும்.

புதுக் கொக்கின்னா வீட்டு ஓனரம்மாகிட்ட முதல்ல கேட்டுருங்க, தளத்தில டிரில் போடணும். போடுற இடத்தைச் சுத்தியல் காம்பால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்லது. பொத்துப் பொத்துன்னு கேட்டா உள்ள கம்பி துருப்பிடிச்சு பூச்சு விலகி நிக்குது, அந்த இடம் வேணாம். பிளாஸ்டிக் பிளக் அடிச்சு ஸ்க்ரூ கொக்கி போடுறது தலைக்கு மேல உதவவே உதவாது, அப்படியே உருவிக்கிட்டு வரும். 10 எம்.எம். இரும்பு ஆங்கர் (துளைக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற போல்ட்), வளையம் முழுசா மூடினதா இருக்கணும். இடம்: ஃபேன் நடுவிலிருந்து மூன்றரை அடி, எதிர்ச் சுவர்லேருந்து இரண்டரை அடி. உங்க 12 அடி நீளவாக்கில அளந்தா சரியா உக்காரும். ஜன்னல் கம்பி, சுவிட்ச் போர்டு, பீரோக் கதவு எதுவும் ஆட்டத்துக்கு எட்டக் கூடாது.

மாட்டினதும் குழந்தையைப் போட்டுப் பாக்குறது சோதனை இல்ல. 25 கிலோ அரிசிச் சிப்பம் ரெண்டு கட்டி ஒரு ராத்திரி தொங்க விடுங்க. காலையில கொக்கியைச் சுத்தி மயிரிழை விரிசல், உதிர்ந்த சிமெண்ட்டுத் தூள் தரையில கிடந்தா அதை விட்டுருங்க.

ஸ்பிரிங் தொட்டில் குழந்தையை மேலயும் கீழயும் குதிக்க வைக்கும், எனக்கு அது பிடிக்காது. கயிறு போட்டு மெதுவா ஆட்டினா போதும். ஸ்பிரிங்குதான் வேணும்னா, ஸ்பிரிங் நடுவுல ஒரு காப்புச் சங்கிலி ஓடணும். ஸ்பிரிங் பெரும்பாலும் முனையில, வளைவு தொடங்குற இடத்திலதான் அறும். அறுந்தா அந்தச் சங்கிலி பிடிக்கும். மேலே உறை போட்டிருக்கணும், இல்லேன்னா மூத்தவ விரலை விடுவா. ‘எஸ்’ வடிவக் கொக்கி வாங்காதீங்க, ஆட ஆட வாய் விரிஞ்சு கழண்டுக்கும். திருகு போட்டு மூடுற ஷேக்கிள் ஹார்டுவேர் கடையில கிடைக்கும்.

துணி பருத்தியா இருக்கணும். பழைய சுங்குடிச் சேலை ரொம்ப நல்லது. வழுக்காது, காத்து போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாருங்க, நூல் இத்துப்போன இடம் சல்லடை மாதிரித் தெரியும். ரெண்டு மடிப்பாக் கட்டி, மேலே ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்க ரெண்டடித் தொட்டில் கட்டை போடுங்க. கட்டை இல்லாத தொட்டில்ல துணி முகத்துல ஒட்டும். அடிப்பாகம் தரையிலேருந்து ஒரு அடி, ஒன்றே காலடிக்கு மேல வேணாம், கீழே பாய் விரிச்சிருங்க.

முக்கியமா ஒண்ணு: குழந்தையை எடுத்ததும் துணியைக் கழற்றி மேலே போட்டுருங்க. தொங்குற சேலையில மூத்த பிள்ளைங்க உக்காந்து முறுக்கி விளையாடுறப்ப கழுத்து சுத்தி இறுகுறது உண்டு. ஆள் அந்தப் பக்கம் திரும்புற நேரம் போதும்.

வேப்பங்காத்து:
மரக்கட்டில் பற்றி யாரும் சொல்லலையே. வாங்குவதானால் கம்பி இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. குளிர்பான டின் உள்ளே நுழைந்தால் கட்டில் வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. பரம்பரையாக வருகிற கடைசல் மரத்தொட்டில்களில் இடைவெளி அகலம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பார்க்க அழகு, அவ்வளவுதான். உங்கள் அறைக்கு இது எதுவுமே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கொசுவுக்கு வருவோம். குடை கொசுவலை இரண்டு, மூன்று மாதம்வரை சரி. குழந்தை கையை வீசித் தட்ட ஆரம்பித்ததும் அது நகரும், வலை முகத்தோடு ஒட்டும். அதற்குப் பிறகு நாலு மூலையில் ஆணி அடித்துக் கட்டும் பெரிய வலை, உங்களையும் சேர்த்து மூடுகிற மாதிரி. விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், எனவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்கு 2015-இல் தொடங்கித் தந்த 16 பொருள் குழந்தை நலப் பெட்டகத்தில் சின்னப் படுக்கையும் வலையும் இருந்தன; அக்கம்பக்கத்தில் யாராவது எடுத்து வைத்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். கொசுவத்திச் சுருள் இந்த அளவு அறையில் கூடவே கூடாது. சாம்பிராணியும் அப்படித்தான், கூந்தலுக்குப் புகை போட்டே ஆகவேண்டுமென்றால் நீங்கள் வாசலில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள், குழந்தை உள்ளே இருக்கட்டும். 2 மாதம் வரை தோலில் தடவும் கொசு களிம்பும் வேண்டாம்.

வலைக்குள் காற்று குறையும். டேபிள் ஃபேனைக் கால்மாட்டில், சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்புகிற காற்று போதும். ஒயர் கைக்கு எட்டாத பக்கம். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம், குழந்தை சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளியேற்றும். பின்கழுத்தைத் தொடுங்கள். ஈரமாக இருந்தால் ஒரு துணி குறையுங்கள். கை கால் சில்லென்று இருப்பதை வைத்துப் போர்த்தாதீர்கள்.

செல்லூர்க்காரி:
ரொம்ப நன்றி. அத்தை தரையில் ஈரம் ஏறும், சளி பிடிக்கும் என்கிறாங்க. புரட்டாசி தாண்டினால் மழை, எங்கள் தெருவில் தரை ஓதம் அடிக்கும். எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடலாமா? அப்புறம் அறையில் யார் எங்கே படுப்பது?

ஆறாம் வார்டு:
சாக்பீஸ் கோடு பூச்சிமருந்துதான்மா, வேண்டாம். எறும்பு பால் வாசனைக்கு வருகிறது. கக்கின துணியை அப்போதே வாளியில் போட்டுவிடுங்கள், படுக்கையைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், ஓட்டையைத் தேடி வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள்.

படுக்கும் இடத்துக்கு: இரும்புக் கட்டிலில் அத்தையும் மூத்தவளும். மீதி 6 அடி அகலம் இருக்கிறது. எதிர்ச் சுவரோரம் 2 அடியில் குழந்தை, அடுத்து நீங்கள். மூத்தவளைக் குழந்தைக்குப் பக்கத்தில் போடவே வேண்டாம், தூக்கத்தில் காலைத் தூக்கிப் போடுவாள். வீட்டுக்காரர் நீளவாக்கில் உங்கள் கால்மாட்டுப் பக்கம். கதவிலிருந்து சமையல்கட்டுக்கும் கழிவறைக்கும் போகிற வழியில் குழந்தையின் படுக்கை இருக்கக் கூடாது. இருட்டில் மிதிபடுவதுதான் தரைப் படுக்கையின் பெரிய ஆபத்து. ஒரு சின்ன ராத்திரி விளக்கு எரியட்டும். பீரோ, பரண் இரண்டுக்கும் நேர் கீழே வேண்டாம். சுவருக்கும் படுக்கைக்கும் நடுவே ஒன்று இடைவெளியே இல்லாமல் ஒட்டட்டும், இல்லை ஒரு அடி முழுசாக விடுங்கள். நாலு விரல் இடைவெளிதான் முகம் சிக்கிக்கொள்ளும் இடம்.

படுத்துக்கொண்டு பால் கொடுக்கும்போது அசந்தாலும் பாயில் அசருங்கள். நாற்காலியில், சோபாவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அசருவது எல்லாவற்றையும்விட மோசம். யாராவது தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ குடித்திருந்தாலோ அன்று குழந்தைக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை அழாமல் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ விட்டால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலமானால் 108-ஐக் கூப்பிடுங்கள். சளி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உப்புத்தாள்:
ஓதத்துக்கு ஒரு பலகை போட்டுருவோம். 12 எம்.எம். தண்ணி தாங்குற பிளைவுட், 4க்கு 2 அடி. அடியில 2 அங்குல ரீப்பர் கட்டை மூணு, நீளவாக்கில. மேலேயிருந்து ஒன்றரை அங்குல ஸ்க்ரூ, தலை மரத்துக்குள்ள அமுங்கணும். மூலை நாலையும் ரவுண்டு தட்டி, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, பிறகு 120. கைவிரலை ஓரமா இழுத்துப் பாத்தா சிலாம்பு தட்டக் கூடாது. மூத்திர ஈரம் அடியில நிக்காம இருக்க அரை அங்குலத் துளை ஒரு டஜன். பெயிண்ட் வேணாம், வார்னிஷும் வேணாம். புது பிளைவுட் பசை நாத்தம் அடிக்கும், ஒரு வாரம் மொட்டைமாடியில நிறுத்தி வைங்க. மழை வந்தா உள்ள எடுத்துருங்க.

மேல 2 அங்குல அழுத்தமான தேங்காய்நார் மெத்தை, பலகை அளவுக்கே வெட்டினது. மொத்த உயரம் நாலரை அங்குலம். பகல்ல இரும்புக் கட்டிலுக்கு அடியில தள்ளிருங்க, நடக்க இடம் முழுசாக் கிடைக்கும். தள்ளுறதுக்கு முன்னாடி கட்டிலோட கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் எத்தனை அங்குலம்னு அளந்துக்கங்க.

செல்லூர்க்காரி:
அளந்தேன் அண்ணே, 11 அங்குலம் இருக்கு. ரீப்பர் இரண்டு போதாதா? எவ்வளவு நாளைக்குப் பலகை?

உப்புத்தாள்:
ரெண்டு போட்டா குழந்தை கனத்துக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க ராத்திரி பால் கொடுக்க எழும்புறப்ப கையை ஊன்றுவீங்க பாருங்க, அப்ப நடுவுல தொய்யும். மூணே போடுங்க. புரண்டு படுக்க ஆரம்பிச்சதும், நாலு மாசமோ அஞ்சோ, பலகையை எடுத்துட்டு மெத்தையை மட்டும் தரையில போடுங்க. அப்ப தை பிறந்திருக்கும், ஓதமும் போயிருக்கும். அன்னிக்கே தொட்டில் கயிறையும் இறக்கிருங்க.