ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார்: சிங்கப்பூரில் கைமாறும்போது என்ன விலை போகும்?

ஈசூன் வாசி:
டொயோட்டா எம்ஆர்2 மேல் ஃபெராரி எஃப்355 உடம்பு ஏற்றிய ரெப்ளிகா, அதாவது நகல் வண்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. சிஓஇ (காரைச் சாலையில் வைத்திருக்கும் உரிமைச் சான்று) 10 ஆண்டுக்குப் புதுப்பித்தது, இன்னும் 54 மாதம் ஓடும். அதே வயது சாதா எம்ஆர்2 விலைக்கு மேல் 27,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார்கள். கிட் (மேலே ஏற்றும் உடம்புத் தொகுதி), பெயிண்ட் செலவு என்று காரணம் சொல்கிறார்கள். இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்தவர்கள், விற்றுக் கொடுத்தவர்கள் சொல்லுங்கள்.

தாள்கணக்கு:
தம்பி, முதலில் உடம்பை மறந்துவிட்டுத் தாளைப் பாருங்கள். நம் ஊரில் பழைய காருக்கு அடிவிலை அதன் பேப்பர் வேல்யூதான், அதாவது பதிவை ரத்து செய்தால் அரசு திருப்பித் தருவது. சிஓஇ புதுப்பித்த வண்டிக்கு பார்ஃப் (பத்து வயதுக்குள் ரத்து செய்தால் திரும்பும் பதிவு வரிப் பங்கு) கிடையாது, புதுப்பித்த அன்றே அது போய்விட்டது. மிஞ்சுவது சிஓஇ மீதித் தொகை மட்டும். புதுப்பிக்க 90,000 வெள்ளி கட்டியிருந்தால் 90,000 × 54 ÷ 120 = 40,500. இன்றைக்கே பதிவை ரத்து செய்தால் கையில் வருவது அவ்வளவுதான், அதற்கு மேல் ஏற்றுமதிக்காரர் வண்டிக்குத் தருவது. ரெப்ளிகாவில் அது சாதா வண்டியைவிடக் குறையும். அவர் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் காசு தருவார், ஃபைபர்கிளாஸ் உடம்பு அவருக்குக் குப்பை.

27,000 கூடுதலை 54 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500, ஆண்டுக்கு 6,000 வெள்ளி டிப்ரி (மதிப்புத் தேய்மானம்) ஏறுகிறது. வாங்க வருபவர் முதலில் கேட்பதே டிப்ரி எவ்வளவு என்றுதான். அந்த 6,000க்கு அவருக்குக் கிடைப்பது வெறும் தோற்றம்.

இன்னொன்று. புதுப்பித்தது 5 ஆண்டுக்கா, 10 ஆண்டுக்கா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 5 ஆண்டு என்றால் மறுபடி புதுப்பிக்க வழியே இல்லை, முடிவு தேதியில் வண்டி சாலையை விட்டுப் போகவேண்டியதுதான். அப்படிப்பட்ட வண்டியில் கிட்டுக்கென்று ஒரு வெள்ளிகூட ஏற்றிக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. 10 வயது தாண்டினால் சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காட்டுக் கூடுதலில் போய் நிற்கும், பரிசோதனையும் வருடாவருடம்.

உபி பட்டறை:
தாள் கணக்கு சரிதான். ஆனால் உடம்பால் விலை ஏறாவிட்டாலும், இறங்குவது பெரும்பாலும் உடம்பால்தான். எம்ஆர்2வின் சக்கர இடைவெளி 2,400 மி.மீ., எஃப்355க்கு 2,450. அந்த 50 மி.மீ. கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே குறையும், தெரிந்தவர் கண்ணுக்கு தூரத்திலிருந்தே தட்டுப்படும். அகலம் அதைவிடப் பெரிய தொல்லை. எம்ஆர்2 1,695, ஃபெராரி ஏறத்தாழ 1,900. பக்கத்துக்கு 100 மி.மீ. அளவுக்கு இட்டு நிரப்ப வேண்டும். சக்கரத்தை வெளியே தள்ள தடிமனான ஸ்பேசர் போட்டிருப்பார்கள், பாரம் தள்ளி விழுவதால் வீல் பேரிங் சீக்கிரம் கத்தும். 60, 70 கி.மீ. வேகத்தில் நீண்ட வளைவில் ஓட்டுங்கள். ஒரு பக்கம் சாயும்போது 'ஊம்' என்ற ஒலி ஏறி, மறுபக்கம் சாயும்போது இறங்கினால் பேரிங் போய்விட்டது.

அடுத்தது ஒட்டு. நம் வெயிலில் ஃபைபர் விரிவது இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒன்றரை மீட்டர் நீளப் பேனலில் நிழலுக்கும் வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் இரண்டும் சுமார் ஒரு மி.மீ. விலகும். மூட்டில் பட்டி போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடித்திருந்தால் அது தாங்காது, கூரைத் தூண் சேருமிடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடும். நல்ல கை என்றால் வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் பசையை 3 மி.மீ. கனத்துக்கு விட்டு, கோட்டை மறைக்காமல் இடைவெளியாகவே விட்டிருப்பான். மூட்டுத் தெரிகிறதே என்று விலையைக் குறைத்துப் பேசாதீர்கள், அந்த வண்டிதான் உருப்படி.

விளக்கு வெளிச்சத்தைப் பானெட்டில் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். பாய் நெசவு போல வடிவம் மேலே எழும்பித் தெரிந்தால், ஃபைபரின் ரெசின் (பிசின்) முழுதாக இறுகுமுன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய வண்டி முழுக்கத் திரும்ப அடிக்கவேண்டும். காசால் தட்டிக் கொண்டே போங்கள்: 'டக்' என்ற ஒலி 'தொப்' என்று மாறும் இடத்தில் அடுக்கு விட்டிருக்கிறது. டீலர் வைத்திருக்கும் பெயிண்ட் தடிமன் மீட்டர் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும், ஃபைபரில் உதவாது. அதை நம்பி 'விபத்தில்லா வண்டி' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது துரு. மேலே ஒட்டிய ஃபைபர் பழைய இரும்பின் வடிகால் துளைகளை அடைத்துவிடும். மழைநீர் உள்ளேயே நிற்கும், வெளியே பளபளவென்று இருக்கும். லிஃப்டில் ஏற்றி, கதவடிச் சட்டத்தின் அடிப்பக்கத்தையும் பின்சக்கர வளைவின் உட்புறத்தையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். பொத்தென்று இறங்கினால் பேச்சு வேண்டாம், வந்துவிடுங்கள்.

கடைசியாக ஏசி போட்டு 20 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் விட்டுவிட்டுச் சுற்றினால் நல்லது. நிற்காமல் சுற்றி, வெப்பமானி முள்ளும் ஏறிக்கொண்டே போனால் கிட்டின் மூக்கில் காற்று போதவில்லை. பக்கவாட்டுக் காற்றுவழியை அழகுக்காக அடைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும், நடு இன்ஜின் வண்டி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான்.

குதிரைவால்:
நீங்கள் இருவரும் ரொம்பத்தான் இறக்குகிறீர்கள். அமெரிக்காவில் கோப்ரா (1960களின் ஸ்போர்ட்ஸ் கார்) ரெப்ளிகா நல்ல விலைக்குப் போகிறதே?

தாள்கணக்கு:
போகிறது. ஆனால் அங்கே விலை எதற்கு? கட்டியவன் பெயருக்கு. தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலையிலேயே உருவாகும் சூப்பர்ஃபார்மன்ஸ் ஒரு தரம். பெட்டியில் வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டிய ஃபேக்டரி ஃபைவ் வேறு தரம். இரண்டாவதில், யார் பூட்டினார், இன்ஜின் ரசீது எங்கே, பதிவுத் தாளில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று துருவுவார்கள். போட்ட காசு திரும்பாத வண்டிகள் அங்கேயும் ஏராளம்.

அது நமக்கு உதவவும் உதவாது. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை இங்கே பொதுவாகப் பதிய முடியாது. பழைய காரை இறக்குமதி செய்வதென்றால் வயது 3 ஆண்டுக்குள் இருக்கவேண்டும். 35 வயதான பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டமும் பதிவு தேதியைத்தான் பார்க்கும், 1960களின் வடிவத்தை அல்ல.

ஜூரோங் ஈஸ்ட்:
ஜோகூரில் பதிந்த ரெப்ளிகாவை வாங்கி இங்கே ஓட்டலாமா?

தாள்கணக்கு:
கூடாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவு வண்டியை இங்கே வைத்து ஓட்டத் தடை. மாட்டினால் வண்டியே பறிபோகலாம்.

காப்புறுதி அக்கா:
விற்கும்போது இடறும் இடங்களைச் சொல்கிறேன். லாக் கார்டில் (பதிவு விவரத்தில்) இருப்பது டொயோட்டா. கடன் கொடுப்பவர் டொயோட்டாவாகத்தான் மதிப்பிடுவார். வண்டியின் ஓஎம்வி (இறக்குமதியின்போது சுங்கத்துறை மதிப்பிட்ட விலை) 20,000 வெள்ளி வரை என்றால் 70 விழுக்காடு வரை கடன், அதற்கு மேல் 60 விழுக்காடு. அதுவும் கேட்கும் விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததற்கு. ஆகவே அந்த 27,000ஐ வாங்குபவர் ரொக்கமாகவே தரவேண்டும். பாதிப்பேர் அங்கேயே நழுவிவிடுவார்கள்.

காப்புறுதிக்கு உடம்பு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மறைத்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே போதும். அறிவித்தாலும் முழுச் சேதத்துக்குக் கிடைப்பது சந்தை விலைதான், கிட்டின் செலவு அல்ல.

பாயும் குதிரைச் சின்னம் இருந்தால் விளம்பரம் போடுமுன் கழற்றிவிடுங்கள். போலி வணிகச் சின்னத்தோடு பொருள் விற்பது இங்கே குற்றம். தலைப்பிலும் 'டொயோட்டா எம்ஆர்2, கிட் உடம்பு' என்றே எழுதுங்கள்.

உபி பட்டறை:
இன்ஜின் மாற்றியிருந்தாலோ சட்டகத்தை வெட்டி ஒட்டியிருந்தாலோ எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஒப்புதல் தாளைக் கேளுங்கள். 'பரிசோதனையில் பாஸ் ஆகுது அண்ணே' என்பது பதில் அல்ல, பரிசோதனைக்கு மட்டும் சாமான் மாற்றும் ஆட்கள் உண்டு. விற்பவரிடம் கழற்றிய பழைய பம்பர், பானெட், ஃபெண்டர், விளக்குகள் இருக்கின்றனவா? இருந்தால் அதற்குக் கூடக் கொடுக்கலாம். திரும்ப சாதா எம்ஆர்2 ஆக்கி விற்கும் வழி திறந்திருக்கும். ஆனால் பின் ஃபெண்டரை வெட்டி ஒட்டியிருந்தால் அந்த வழியும் அடைந்தது.

ஈசூன் வாசி:
பின் ஃபெண்டர் வெட்டியதுதான். முன்பக்கச் சாமான்கள் மட்டும் இருக்கிறதாம்.

தாள்கணக்கு:
அப்படியானால் சாதா எம்ஆர்2 விலையிலிருந்து தொடங்குங்கள். லிஃப்டில் துரு இல்லாவிட்டால் மேலே மூவாயிரம், நாலாயிரம். அதற்கு மேல் கேட்டால் சிஓஇ இன்னும் ஒரு வருடம் கரையட்டும் என்று விட்டுவிடுங்கள். அப்போதும் அவரிடம் அது விற்காமல் நிற்க வாய்ப்பு அதிகம்.