புதுப்பிப்பு: ஹீலியோஸ் 44-2 லென்ஸில் மேனுவல் ஃபோகஸ் சரியாகிவிட்டது

பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸை அடாப்டர் வழியாக மிரர்லெஸ் கேமராவில் மாட்டி எஃப்/2-ல் (லென்ஸ் துளை முழுதாகத் திறந்த நிலை) முகங்களை எடுத்தால், பீக்கிங் (ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) தரும் சிவப்பு அவர்களின் கண்மேல் மின்னினாலும் படத்தில் காதுதான் கூர்மையாக இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, பீக்கிங் அளவை 'லோ'வுக்கு இறக்கி, கூடவே மேக்னிஃபையரையும் (திரையில் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி) பயன்படுத்தச் சொன்ன யோசனை. 'ஹை'யில் சிவப்பு தடிமனாகப் பரவி, ஃபோகஸ் இல்லாத இடத்தையும் மூடிவிடுகிறது. இப்போது பீக்கிங்கை வைத்துத் தோராயமாகப் பிடித்துவிட்டு, பெரிதாக்கி, இமை முடியைப் பார்த்து வளையத்தைத் திருப்புகிறேன். இந்த லென்ஸில் மின்தொடர்பு கிடையாது. அதனால் வளையத்தைத் திருப்பினால் மேக்னிஃபையர் தானாக வராது. ஒரு கஸ்டம் பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள்.

துளையைச் சுருக்கி எஃப்/4-க்குப் போனால் ஃபோகஸ் ஆகும் ஆழம் கூடும் என்றவர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் எஃப்/2-ல் வரும் அந்தச் சுழல்வது போன்ற மங்கலான பின்னணிக்காகத்தானே இந்த லென்ஸையே வாங்கினேன்!

எதிர்பாராத ஒன்று: படப் பாணியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிகிறது. ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) நிறம் அப்படியே இருக்கும். ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், படமும் கறுப்பு வெள்ளையாகிவிடும். அப்புறம், மங்கிய வெளிச்சத்தில் பீக்கிங் பெரும்பாலும் ஒன்றும் காட்டுவதில்லை. அங்கே மேக்னிஃபையர் மட்டும்தான்.