உதவி: டாக்குமெண்டேஷன் பக்கம் அனுப்பினா பில்ட் ஃபெயில் ஆகுது, தமிழ் தலைப்புதான் பிரச்சனையா?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மளிகைக் கடைக்கு கம்ப்யூட்டர் வேலை பாக்குறேன், கோடிங்லாம் பெருசா வராது. பில்லிங்குக்கு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் யூஸ் பண்றோம், அதுல தெர்மல் பிரிண்டர்ல தமிழ் ரசீது அடிச்சா வெறும் கேள்விக்குறியா வரும், எங்க பிரிண்டருக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது, ஆனா ரசீத படமா மாத்தி அனுப்புற செட்டிங் ஒன்னு உள்ள ஒளிஞ்சிருக்கு, அத ஆன் பண்ணா அழகா வருது. மேனுவல்ல இதப்பத்தி ஒரு வரி இல்ல. சரி நாமளே எழுதிக் குடுப்போம்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்த சேத்துக்கோங்கன்னு கேக்குறது) போட்டேன்.

பில்ட் (எழுதினத வெப் பக்கமா மாத்துறது) சிவப்பு எக்ஸ் காட்டுது. லாக்ல முதல்ல "டைட்டில் அண்டர்லைன் டூ ஷார்ட்"னு வருது. தலைப்பு இதுதான்:

ரசீது அச்சிடுவது
==========

ஸ்பேஸையும் சேத்து எண்ணி 10 கோடு போட்டிருக்கேன், இதுல எங்க ஷார்ட்? அப்புறம் சேமிங்குறது போல்டா வரணும்னு ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டு "**சேமி**யை அழுத்தவும்"னு எழுதின வரிக்கு "இன்லைன் ஸ்ட்ராங் ஸ்டார்ட்-ஸ்ட்ரிங் வித்தவுட் எண்ட்-ஸ்ட்ரிங்"னு ஒரு வார்னிங். ரீட்மீ ஃபைல்ல இதே மாதிரி எழுதினா போல்டா வருதே? இது பத்தாதுன்னு மெயின்டெய்னர் (ப்ராஜெக்ட பாத்துக்குறவர்) வேற "இண்டெக்ஸ் ஃபைல் ஏன் மொத்தமா மாறியிருக்கு"ன்னு கேக்குறார், நான் அதுல சேத்தது ஒரே ஒரு வரி. இத க்ளோஸ் பண்ணிட்டு புதுசா போடவா?

பாண்டி_பென்குயின்:
ப்ரோ தலைப்ப இங்கிலீஷ்ல வெச்சுடுங்க, பிரச்சனை ஓவர். இந்த டூல்லாம் தமிழுக்கு செட் ஆகாது

முத்தியால்பேட்டை_வாசி:
அதெல்லாம் நல்லாவே செட் ஆகும். தம்பி, தலைப்ப மாத்தாதீங்க.

உங்க ப்ராஜெக்ட் ஸ்ஃபிங்ஸ்ல பில்ட் ஆகுதுன்னு லாக்க பாத்தாலே தெரியுது. பைத்தான் மேனுவலுக்காக 2008-ல வந்த டூல் அது, இப்ப கிரிட்டா, காடோ மேனுவலெல்லாம் இதுலதான் ஓடுது. உள்ள ஃபைல படிக்கிறது டாக்யூட்டில்ஸ். நீங்க எண்ணினது கண்ணுக்கு தெரியுற எழுத்து, அது எண்ணுறது யூனிகோடு குறிய. நமக்கு "சீ" ஒரு எழுத்து, அதுக்கு ச ஒன்னு, மேல இருக்குற குறி ஒன்னு, ஆக ரெண்டு. உங்க தலைப்புல மொத்தம் 16 குறி, அதுல மெய்யெழுத்து புள்ளிய மட்டும் அது கழிச்சிடும், ஒரு புள்ளி போக 15. நீங்க குடுத்தது 10. கோடு நீளமா இருந்தா அதுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல, குறைஞ்சாத்தான் கத்தும், அதனால எண்ணிக்கிட்டு உக்காராம தமிழ்த் தலைப்புக்கு கண்ண மூடிக்கிட்டு 40 போட்டுடுங்க.

இது வெறும் வார்னிங்தான், பக்கம் வந்துடும். ஆனா உங்க ப்ராஜெக்ட்ல பில்டுக்கு கேப்பிடல் டபிள்யூ ஆப்ஷன் போட்டிருப்பாங்க, அது வார்னிங்கயே எரரா எடுத்துக்கும். ஸ்ஃபிங்ஸ் பழசா இருந்தா முதல் வார்னிங்லயே நின்னுடும், கூடவே "கீப்-கோயிங்" குடுத்தா எல்லாத்தையும் ஒரே தடவைல காட்டும். ஒவ்வொன்னுக்கும் புஷ் பண்ணி பச்சை வருமான்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க, உங்க மெஷின்லயே பில்ட் பண்ணுங்க. டாக்ஸ் ஃபோல்டர்ல ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைல் இருந்தா பிப்ல (பைத்தானோட இன்ஸ்டாலர்) இன்ஸ்டால் பண்ணிட்டு "மேக் ஹெச்டிஎம்எல்", அவ்ளோதான்.

கெடிலக்கரை:
அண்ணா 40 போட்டேன், அந்த வார்னிங் போயிடுச்சு!! எண்ணி எண்ணி கண்ணு வலிச்சது மிச்சம். போல்டு விஷயம் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு

வெள்ளிக்கடற்கரை:
அது மார்க்டவுனுக்கும் ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டுக்கும் உள்ள வித்தியாசங்க, ரெண்டும் போல்டு, தலைப்பெல்லாம் குறி போட்டு எழுதுற முறை. ரீட்மீ மார்க்டவுன், உங்க பக்கம் ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட். மார்க்டவுன்ல அது நட்சத்திரத்துக்கு பின்னாடி எழுத்து ஒட்டி வந்தாலும் விட்டுடும். இங்க மூடுற நட்சத்திரத்துக்கு அப்புறம் ஸ்பேஸோ நிறுத்தக்குறியோ வந்தே ஆகணும், இல்லன்னா மூடினதாவே ஒத்துக்காது. தமிழ்ல ஐ, இல், க்குன்னு வேற்றுமை உருபு ஒட்டிக்கிட்டேதான் வரும், அதனால நம்மாளுங்க எல்லாருக்கும் இது வரும். சேமி-யைன்னு நடுவுல ஹைஃபன் போடலாம், இல்லன்னா பேக்ஸ்லாஷும் ஒரு ஸ்பேஸும் போட்டு எழுதினா ரெண்டும் பக்கத்துல மறைஞ்சு ஒட்டினாப்லயே தெரியும்.

முத்தியால்பேட்டை_வாசி:
பேக்ஸ்லாஷ் வேலை செய்யும், ஆனா அடுத்து எடிட் பண்றவர் இது என்னடா குப்பைன்னு தூக்கிடுவார், மறுபடி உடையும். ஹைஃபன் படிக்க நல்லா இல்ல. "சேமி பொத்தானை அழுத்தவும்"னு எழுதிட்டா உருபு பொத்தான்ல போய் ஒட்டிக்கும், ட்ரிக்கே வேணாம். கடைக்காரருக்கும் எத அழுத்தணும்னு தெளிவா இருக்கும்.

வெள்ளிக்கடற்கரை:
பொத்தானுக்கு சரிண்ணா, ஃபைல் பேருக்கு, கமாண்டுக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் பின்னாடி ஒரு பெயர்ச்சொல் தேடிக்கிட்டு இருக்க முடியுமா, நான் ஹைஃபன்தான் போடுவேன்

அப்புறம் இண்டெக்ஸ் ஃபைல் மொத்தமா மாறினதுக்கு காரணம் லைன் எண்டிங், அதாவது வரி முடியுற இடத்துல இருக்குற கண்ணுக்கு தெரியாத குறி. உங்க விண்டோஸ் எடிட்டர் ஒவ்வொரு வரி கடைசியையும் சிஆர்எல்எஃப்-ஆ சேவ் பண்ணிருக்கும், ரெப்போல (ப்ராஜெக்ட் ஃபைலெல்லாம் இருக்குற இடம்) எல்எஃப். விஎஸ் கோடுன்னா கீழ வலது ஓரத்துல சிஆர்எல்எஃப்னு இருக்கும், கிளிக் பண்ணி எல்எஃப் ஆக்கி சேவ் பண்ணுங்க, டிஃப் (என்ன மாறிச்சுன்னு காட்டுற பட்டியல்) ஒரு வரிக்கு சுருங்கிடும்.

முத்தியால்பேட்டை_வாசி:
க்ளோஸ் பண்ணாதீங்க தம்பி, மெயின்டெய்னர் எழுதின கமெண்டெல்லாம் பழைய ரிக்வெஸ்ட்லயே தங்கிடும். அதே பிராஞ்ச்ல திருத்தி "கிட் ஆட்" பண்ணிட்டு "கிட் கமிட் --அமெண்ட்", அப்புறம் "கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்" (இங்கிலீஷ்ல அடிங்க, நான் மொபைல்ல தமிழ் கீபோர்டுல இருக்கேன்). ரிக்வெஸ்ட் தானா அப்டேட் ஆகும். வெறும் ஃபோர்ஸ் வேணாம், நடுவுல அந்த பிராஞ்ச்ல வேற யாராச்சும் புஷ் பண்ணியிருந்தா அத அழிச்சிடும்.

நேர்ல உக்காந்து பாக்கணும்னா பாண்டில ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்ட்வேர் மூவ்மெண்ட் இருக்கு, விழுப்புரம் பக்கம் போனா விஜிஎல்யூஜி (அங்க இருக்குற லினக்ஸ் பயனர் குழு) இருக்கு, புதுசா வர்றவங்கள நல்லா கவனிப்பாங்க.

கெடிலக்கரை:
பச்சை டிக் வந்துடுச்சு 🙏 பொத்தானைன்னே மாத்திட்டேன், ஃபைல் பேருக்கு மட்டும் ஹைஃபன். மெயின்டெய்னர் இப்போ இதே பக்கம் இங்கிலீஷ்லயும் வேணும்னு கேக்குறார், அவருக்கு தமிழ் தெரியாததால உள்ள என்ன எழுதிருக்குன்னு அவரால செக் பண்ண முடியலயாம். என் இங்கிலீஷ் சுமார்தான், யாராச்சும் ஒரு பார்வை பாத்து குடுப்பீங்களா?

பாண்டி_பென்குயின்:
நான் பாக்குறேன் ப்ரோ, ட்ராஃப்ட் போடுங்க. அந்த பிரிண்டர் செட்டிங் எந்த மெனுவுல இருக்குன்னும் சொல்லுங்க, எங்க மாமா கடையிலயும் இதே கேள்விக்குறிதான்