கோடை வெயிலில் எச்.பி.5 பிளஸ்: எந்த டெவலப்பர் ஒத்துவரும்?

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மார்கழி, தை மாதங்களில் கழுவிய சுருள்கள் நன்றாகவே வந்தன. ஆனால் சித்திரையில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், குதிரை பூட்டிய தேர்போல அமைந்த முன்மண்டபத்தை உச்சிவெயிலில் எடுத்த இரண்டு சுருள்கள் என்னைக் கலங்க வைத்துவிட்டன. ஃபிலிம் இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ், வேகம் (ஒளியை உணரும் திறன்) 400. முதல் சுருளை டி-76 என்ற டெவலப்பரின் (ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் மருந்து) நீர் சேர்க்காத கரைசலில் ஏழரை நிமிடமும், இரண்டாவதை ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு நீர் சேர்த்த (1+50) ரோடினால் டெவலப்பரில் 11 நிமிடமும் கழுவினேன். இரண்டிலும் வெயில் பட்ட கல் நெகட்டிவில் கரியாக அடைத்துக்கொண்டது. தூண்களுக்குப் பின்னால் நிழலில் இருந்த சிற்பங்களோ ஒன்றுமே பதியாமல் வெறும் கண்ணாடியாக நிற்கின்றன. ரோடினாலில் கழுவியதில் மணலை அள்ளித் தூவியதுபோல் குறுணை தெரிகிறது. டெவலப்பரைப் பனிக்கட்டி வைத்து 20 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்தே ஊற்றினேன். மற்ற எல்லாவற்றுக்கும் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்தான். வேகம் குறைந்த எஃப்.பி.4 பிளஸ் ஃபிலிமுக்கு மாறிவிடலாமா, அல்லது டெவலப்பரை மாற்ற வேண்டுமா? மாதத்துக்கு ஒரு சுருள்தான் எடுக்கிறேன் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன்.

மறுமொழி (கும்பகோணத்திலிருந்து)

தம்பி, ஃபிலிமின் மேல் பழி போட வேண்டாம். ஊட்டியில் தயாரான ‘இந்து’ என்ற பெயர் கொண்ட ஃபிலிம் கடைகளில் கிடைத்த காலத்திலிருந்து இந்த ஊர்த் தண்ணீரில் நெகட்டிவ் கழுவி வருகிறேன். பங்குனிக்குப் பிறகு இங்கே காரியத்தைக் கெடுப்பது தண்ணீரின் சூடுதான். மாடித் தொட்டித் தண்ணீர் இப்போது 32 பாகையைச் சாதாரணமாகத் தொடும். ஃபிலிம் கழுவும் டேங்கும் சுருளும் அந்தச் சூட்டில் இருக்கும்போது, நீங்கள் 20 பாகையில் ஊற்றிய கரைசல் உள்ளே போனதுமே சூடேறத் தொடங்கியிருக்கும். ஒரு பாகை கூடினால் கழுவும் நேரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். குறைக்காததால் வெயில் பட்ட இடங்கள் அளவுக்கு மீறி வெந்துவிட்டன. பிறகு அந்த ஃபிலிமை 32 பாகைத் தண்ணீரில் அலசியதில் ஜெலட்டின் திடீரென்று உப்பி, குறுணை இன்னும் தடித்திருக்கலாம். டெவலப்பர், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் எல்லாம் ஒரே வெப்பத்தில் இருப்பது, 20 பாகையை எட்டிப் பிடிப்பதைவிட முக்கியம். ஆகவே 24 பாகையை உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மண்பானைத் தண்ணீரை வாளியில் ஊற்றி, சிறிது பனிக்கட்டி சேர்த்து, எல்லாப் புட்டிகளையும் டேங்கையும் அதில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, வெப்பமானியில் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

நிழல் வெறுமையானதற்குக் காரணம் வேறு. உச்சிவெயிலுக்கும் அந்த மண்டபத்தின் உள்நிழலுக்கும் ஏழு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு வெளிச்சம்) வரை இடைவெளி உண்டு. பதியாத நிழலை எந்த டெவலப்பராலும் வரவழைக்க முடியாது. ஒளியளக்கும் மீட்டரில் வேகத்தை 200 என வைத்து எடுங்கள், கழுவும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். டி-76-ஐ 1+1 ஆகக் கலந்தால் 20 பாகையில் 11 நிமிடம், 24 பாகையில் ஏறத்தாழ எட்டு, அதிலும் குறைத்தால் ஆறரை. நீர் சேர்க்காத கரைசலில் இதே கணக்கு நான்கு நிமிடத்துக்கு இறங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் ஃபிலிம் திட்டுத் திட்டாக வரும்.

மறுமொழி (மயிலாடுதுறையிலிருந்து)

ஐயா சொன்ன வெப்பக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மாதம் ஒரு சுருள் எடுப்பவருக்கு டி-76 ஏற்றதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் கரைத்தாக வேண்டும். கழுத்துவரை நிரம்பிய புட்டியில் ஆறு மாதமும், பாதி காலியான புட்டியில் இரண்டு மாதமுமே அது தாங்கும். 1891 முதல் விற்பனையில் உள்ள ரோடினாலோ திறந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆயினும் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட்டு உள்ள டி-76, வெள்ளித் துகள்களின் விளிம்பைச் சற்றுக் கரைத்து மென்மையாக்குவதைப்போல ரோடினால் செய்வதில்லை. 400 வேக ஃபிலிமில் குறுணை அப்படியே முகத்தில் அடிக்கும். எனவே ரோடினாலை எஃப்.பி.4 பிளஸுக்கு வைத்துக்கொண்டு, எச்.பி.5 பிளஸுக்கு எச்.சி.-110 என்ற அடர்சாறு டெவலப்பரை வாங்கலாம் என்பது என் கருத்து. அந்தச் சாற்றைத் தேவைப்படும்போது தேவையான அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளலாம். வழக்கமான 1+31 கலவையில் 20 பாகைக்கே ஐந்து நிமிடம்தான் என்பதால் நம் ஊருக்கு அது ஆகாது. 1+63 ஆகக் கலந்து நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். சுருளுக்கு 6 மி.லி. சாறாவது வேண்டும் என்பதால் கரைசல் 384 மி.லி. வரும், உங்கள் டேங்க் அதைக் கொள்ளுமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி 200 வேகத்தில் மீண்டும் எடுத்த சுருளை, மீதமிருந்த டி-76-ஐ 1+1 ஆகக் கலந்து, 24 பாகையில் ஆறரை நிமிடம் கழுவினேன். குதிரையின் பிடரியும் வெயில் பட்ட சக்கரத்தின் ஆரங்களும் ஒரே நெகட்டிவில் தெளிவாகக் கிடைத்துள்ளன. இந்தப் புட்டி தீர்ந்ததும் எச்.சி.-110-க்கு மாறுகிறேன். காய்ந்த ஃபிலிமில் மட்டும் வெண்புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன.

மறுமொழி (கும்பகோணத்திலிருந்து)

அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, தம்பி. அதே ஃபிலிமை மறுபடி நன்றாக ஊறவைத்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கடைசியாக ஒரு நிமிடம் வைத்து, துடைக்காமல், மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொங்கவிடுங்கள்.