மறு: ‘நச்சுமீன்’ என்ற ஒரே சொல் போதாது – கொட்டுமீன், ஏறுநஞ்சு, உண்நஞ்சு

நண்பர்களுக்கு வணக்கம்.

தோழி ஒருவர் தன் தொட்டியில் கிடக்கும் மீன் எது என்று படம் போட்டுக் கேட்டுத் தொடங்கிய இழை, நம் சொற்பட்டியலில் இத்தகைய மீனை ‘நச்சுமீன்’ என்றே எழுதலாமா என்ற சொல் விவாதமாகிவிட்டது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இங்கே சொல் பிசகினால் யாரோ ஒருவருடைய கை வீங்கும்.

முதலில் மீன். தோழி அனுப்பிய படங்களில் இருப்பது தேளி. உயிரியல் பெயர் ஹெட்டிரோப்னியூஸ்டெஸ் ஃபாசிலிஸ் (Heteropneustes fossilis). இலங்கையில் சுங்கான் என்பார்கள். ‘கெளுத்திக் குஞ்சு’ என்று ஒருவரும், ‘ஆப்பிரிக்கக் கெளுத்தி, உடனே கொன்றுவிடுங்கள்’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். முதுகைப் பாருங்கள். நடுவண் அரசு 2000இல் தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடும். இந்த மீனுக்கோ முதுகில் விரல்நகம் அளவுக்கு ஒரே ஒரு துடுப்பு, அதிலும் முள் இல்லை. நாட்டுக் கெளுத்தி என்றால் முதுகில் முள்ளும் அதற்குப் பின்னால் கொழுகொழுவென்று ஒரு கொழுப்புத் துடுப்பும் இருக்க வேண்டும். இரண்டுமே இதில் காணோம். வயிற்றுக்குப் பின்னால் தொடங்கும் மலப்புழைத் துடுப்பு நீளமாகப் போய், வாலோடு ஒட்டாமல் ஒரு சிறு வெட்டோடு நிற்கிறது. தட்டைத் தலை, நான்கு இணை மீசை, கருஞ்சிவப்பு உடம்பு. அடிக்கடி மேலே வந்து காற்றுக் குடிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். தேளிக்குச் செவுள் அறையிலிருந்து முதுகுப் பக்கமாக உடம்புக்குள் நீளும் காற்றுப்பைகள் உண்டு. ஐயமே வேண்டாம்.

ஆபத்து மார்புத் துடுப்புகளில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். மீன் மிரண்டால் அவை விறைத்து நின்று பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் மடங்காது. முள்ளைப் போர்த்திய தோலில்தான் நஞ்சுச் செல்கள் இருக்கின்றன. முள் தசையில் இறங்கும்போது அந்தத் தோல் கிழிந்து நஞ்சு காயத்தில் கலக்கிறது. கொசுவலை போன்ற கைவலையால் இதைப் பிடிக்காதீர்கள். முள் வலையில் மாட்டும், எடுத்துவிடப் போகும் விரலில்தான் குத்தும். அகலமான பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனைத் தண்ணீரோடு சேர்த்து மொள்ளுங்கள். உங்கள் பையனை அந்த நேரம் பக்கத்தில் விடாதீர்கள்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

‘நச்சுமீன்’ என்று போட்டால் போதுமே என்று கேட்டவருக்கு என் மறுப்பு இதுதான். பந்தாக ஊதிக்கொள்ளும் பேத்தையையும் (pufferfish) நச்சுமீன் என்கிறோம், தேளியையும் நச்சுமீன் என்கிறோம். பேத்தையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, தின்றால் உயிர் போகலாம். தேளியைத் தொட்டால் குத்து, தின்றால் நல்ல குழம்பு. வங்காளத்தில் நோயிலிருந்து எழுந்தவருக்குத் தேடி வாங்கிக் கொடுக்கும் மீன் அது. அங்கே சிங்கி என்பார்கள். கடலில் கிடைக்கும் ஒரா மீனும் (rabbitfish) அப்படித்தான். முதுகில் 13 முள், மலப்புழைத் துடுப்பில் 7 முள், எல்லாம் நஞ்சுள்ளவை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒராக் குழம்பை நச்சுமீன் குழம்பு என்று சொல்லிப் பாருங்கள், யார் ஒத்துக்கொள்வார்கள்? பிடிப்பவரையும் விற்பவரையும் பாதிக்கிற சொல்லை நாம் யோசிக்காமல் அகராதியில் ஏற்றக் கூடாது.

மருத்துவம் இன்னும் வலுவான காரணம். தேளி, ஒரா, சிங்கமீன் (lionfish), கல்மீன் (stonefish) இவற்றின் நஞ்சில் வலி தருவது பெரும்பாலும் புரதம். சூட்டில் குலையும். அதனால்தான் குத்துப்பட்ட கையைத் தாங்கக்கூடிய சுடுநீரில், 45 பாகை செல்சியஸ் அளவுக்குள், 30 முதல் 90 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். சூட்டை அடிபடாத கையால் பார்க்க வேண்டும், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். முள் துண்டு உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் தடுப்பூசியும் தேவைப்படலாம். கல்மீனுக்கு ஆஸ்திரேலியாவில் 1959 முதல் நஞ்சுமுறி மருந்தே இருக்கிறது. பேத்தையின் டெட்ரோடோடாக்சினோ கொதிக்கக் கொதிக்கச் சமைத்தாலும் அழியாது. அதற்கு முறிமருந்து கிடையாது. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. சூடு ஒன்றுக்கு உதவும், இன்னொன்றை அசைக்கவும் செய்யாது. இவ்வளவு விலகி நிற்கும் இரண்டை ஒரே சொல்லில் அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கடித்தோ கொட்டியோ உடம்பில் சேரும் நஞ்சுக்கு (venom) இழையில் வந்த ‘பாய்ச்சுநஞ்சு’ என்ற சொல் பாம்புக்குச் சரி. பாம்பு பல்லைப் பதித்துத் தசையால் நஞ்சுப்பையைப் பிழிந்து செலுத்துகிறது. மீன் எதையும் பாய்ச்சுவதில்லை. நம் கையின் அழுத்தமே முள்ளை உள்ளே தள்ளுகிறது. ‘செலுத்துநஞ்சு’க்கும் இதே குறை. ‘கடிநஞ்சு’ என்றால் தேளும் தேனீயும் வெளியே நிற்கும்.

என் பரிந்துரை ஏறுநஞ்சு. பாம்பு கடித்தவரைப் பார்த்து ‘விஷம் ஏறுது’ என்கிறோம். மந்திரிப்பவர் ‘விஷத்தை இறக்குகிறேன்’ என்கிறார். மந்திரத்தை விடுங்கள், அந்த ஏறுதலும் இறங்குதலும் கடிக்கும் கொட்டுக்கும் மட்டுமே ஊர் வழக்கில் வருகின்றன. பூச்சிமருந்து குடித்தவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘விஷம் குடிச்சுட்டார்’ என்பதுதான் பேச்சு. அதோடு ஏறுதல் தன்வினை. யார் செலுத்தினார், எப்படிச் செலுத்தினார் என்ற கேள்விக்கே அது போவதில்லை. பாம்புக்கும் பொருந்தும், தேளிக்கும் பொருந்தும். எதிர்ச்சொல்லாக, தின்றால் தாக்கும் நஞ்சுக்கு (poison) உண்நஞ்சு வைக்கலாம்: பேத்தை, நச்சுக்காளான், அரளி.

தேளி, ஒரா போல ஏறுநஞ்சுள்ள மீன்களுக்குக் கூட்டுப்பெயர் கொட்டுமீன். ‘குத்துமீன்’ என்று திருத்தியவரின் வாதம் புரிகிறது. ஆனால் நஞ்சில்லாத பல மீன்களைக் கையில் பிடித்தாலும் ஏதோ ஒரு முள் குத்தத்தான் செய்கிறது. திலேப்பியாவும் குத்தும். குத்துவலி குத்திய இடத்தோடு நிற்கும். கொட்டினால் கடுக்கும், கடுப்பு மேலே ஏறும். தேளியின் பெயரிலேயே தேள் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்கள் இந்த வேறுபாட்டை நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

இது நாலைந்து மீனுக்கான சொல் என்று நினைத்துவிட வேண்டாம். 2006இல் ஆய்வாளர்கள் லியோ ஸ்மித்தும் வார்டு வீலரும் ஏறுநஞ்சு கொண்ட மீனினங்கள் 1,200க்கு மேல் இருக்கும் என்று காட்டினார்கள். அதுவரை 200 அளவில்தான் கணக்கு இருந்தது. 2009இல் இன்னொரு ஆய்வாளர் ஜெரமி ரைட் கெளுத்தி வகைகளில் மட்டுமே குறைந்தது 1,250 என்றார். தொட்டிக்கு விற்கப்படும் வரிக்கெளுத்தி, அதாவது கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டு உருண்டையாகக் கூடித் திரியும் கடல் குஞ்சு, இந்தப் பட்டியலில் உண்டு. பார்க்க அவ்வளவு அழகு. பெயர்ப்பலகையில் ‘கொட்டுமீன்’ என்று ஒரு சொல் இருந்தால் வாங்குகிறவர் தொட்டிக்குள் வெறுங்கையை விடமாட்டார்.

போகிற போக்கில் இன்னொன்று. குளத்திலும் ஆற்றிலும் பிடித்து வந்ததைக் ‘காட்டுமீன்’ என்று எழுதுவதை நிறுத்துவோம். வளர்ப்புமீனுக்கு எதிராகப் பிடிமீன் என்றால் தெளிவாக இருக்கிறது.

முடிவாகாத ஒன்று திருக்கை. அதன் வாலில் இருப்பதை மீனவர்கள் முள் என்கிறார்கள், நம் வரைவுப் பட்டியலில் கொடுக்கு என்று இருக்கிறது. நான் மீனவர் பக்கம். கொடுக்கைத் தேளுக்கும் குளவிக்கும் விட்டுவிட்டு, மீன் எல்லாவற்றுக்கும் ‘கொட்டுமுள்’ என்று ஒரே சொல்லை வைக்கலாம். இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் அங்கே வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றுவோம்.

தோழிக்கு: மீனைத் திரும்ப விடுவதானால் பிடித்த அதே ஏரியில் விடுங்கள், வேறு நீரில் வேண்டாம். வைத்துக்கொள்வதானால் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே காற்று இடம் இருக்கட்டும்.