காரண–விளைவுக் கட்டுரை: 2015 சென்னை வெள்ளத்துக்கு முதன்மைக் காரணமாக எதை வைப்பது?

கேள்வி — இரண்டாமாண்டு மாணவன்

வணக்கம். எங்கள் கட்டுரைப் பயிற்சி வகுப்பில், ஏதேனும் ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு அதன் காரணங்களையும் விளைவுகளையும் நான்கு பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னதாக, வரும் திங்கட்கிழமை ஒரு பக்க அளவில் திட்டம் மட்டும் கொடுக்க வேண்டும். நான் 2015 டிசம்பர் வெள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, காரணங்கள் என்ற தலைப்பின் கீழ் கனமழை, எல் நினோ, செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பு, நீர்நிலை ஆக்கிரமிப்பு, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியது, குப்பை அடைத்த வடிகால்கள், நகரமயமாக்கல் என்றும், விளைவுகள் என்ற தலைப்பின் கீழ் உயிரிழப்பு, பொருளிழப்பு, மின்தடை, விமான நிலைய மூடல் என்றும் வரிசையாக எழுதிக் காட்டினேன். அதைப் படித்த பேராசிரியர், "இது திட்டம் இல்லை தம்பி, மளிகைச் சீட்டு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த ஏழில் எதை முதன்மைக் காரணமாக வைப்பது, மற்றவற்றை என்ன செய்வது என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 — பனையோலை

உங்கள் பேராசிரியர் சொன்னது சரிதான். ஆனால் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டியதில்லை, வகைப்படுத்தினால் போதும். அதற்கு நம் தருக்க மரபிலேயே ஒரு கருவி இருக்கிறது. பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சொல்வார்கள் அல்லவா, அந்த மூன்று கட்டங்களைத் தாளில் வரைந்து உங்கள் ஏழையும் அவற்றில் போட்டுப் பாருங்கள். மழைநீர் மண். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்த மழை இல்லையென்றால் பேசுவதற்கே எதுவும் இல்லை. குறுகிப்போன ஆறும் காணாமற்போன நீர்வழிகளும் துணைக்காரணங்கள். மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவெடுத்தவர்கள் நிமித்தகாரணம்.

இப்படிப் போட்டவுடன் சிலவற்றுக்கு இடமில்லாமல் போவதைக் காண்பீர்கள். எல் நினோ, மண் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கான விடை. நான்கு பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு வாக்கியம் போதும். 'நகரமயமாக்கல்' ஒரு காரணமே அன்று. பல காரணங்களைப் போட்டுக் கட்டிய சாக்குமூட்டை அது. அவிழ்த்து, உள்ளே இருப்பதை எழுதுங்கள்.

மறுமொழி 2 — முடிச்சூர்வாசி

பனையோலை ஐயா சொன்ன வகைப்பாட்டை நானும் ஏற்கிறேன். ஆனால் அது பானை ஒன்றே ஒன்று என்று எண்ணிக்கொள்கிறது. 2015இல் பானைகள் பல. 'சென்னை வெள்ளம்' என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுவதால்தான் காரணங்கள் மளிகைச் சீட்டாக நீள்கின்றன என்பது என் கருத்து.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதைப் பற்றிப் பேச்சு வந்தால், இன்றைக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் "செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் படத்தை விரித்துப் பாருங்கள். அடையாறு ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரைத் திரட்டிக்கொண்டு முதலில் எங்கள் ஊரைக் கடக்கிறது. அதன் பிறகு, கீழே திருநீர்மலை அருகில்தான் குன்றத்தூர் வழியாக வரும் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அதோடு கலக்கிறது. எங்களுக்குக் கீழே ஆற்றில் சேரும் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்திருக்கும்? டிசம்பர் மட்டுமன்று, அந்த ஆண்டு நவம்பர் நடுவிலேயே நாங்கள் ஒருமுறை மூழ்கினோம். அப்போது எங்கள் மாடிப்படியில் மூன்றாவது படி வரை ஏறிய நீர்க்கறையை வெள்ளையடித்து மறைப்பதற்குள் இரண்டாவது வெள்ளம் வந்துவிட்டது. எங்களுக்கு நிமித்தகாரணம் என்று கைகாட்ட மதகும் இல்லை, அதிகாரியும் இல்லை. மேலே நிரம்பி வழிந்த சிற்றேரிகளும், அந்த நீர் விரிந்து பரவ வேண்டிய தாழ்நிலத்தில் மனை வாங்கி வீடு கட்டிய என்னைப் போன்றவர்களும்தான் இருக்கிறோம்.

ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகியவற்றின் கதை வேறு. அவை கலப்பிடத்துக்குக் கீழே இருக்கின்றன; ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்ட தண்ணீரும், ஆற்றில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த தண்ணீரும் அங்கே சேர்ந்து போயின. வேளச்சேரி இந்த இரண்டிலும் சேராது. அதன் வடிகால் பள்ளிக்கரணை வழியாக ஒக்கியம் மடுவுக்குப் போகிறது. உங்கள் பட்டியலில் உள்ள சதுப்புநிலம் அங்கேதான் பொருந்தும்.

ஆகவே விளைவை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த இடம், எந்த இரவு என்று குறித்துவிட்டால், ஏழு காரணங்களில் மூன்றோ நான்கோ தாமாகவே உதிர்ந்துவிடும். என்னைக் கேட்டால், சைதாப்பேட்டை முதல் கோட்டூர்புரம் வரையிலான ஆற்றங்கரை, டிசம்பர் 1 இரவு என்று வைத்துக்கொள்வேன். ஏனென்றால் வாதத்துக்கு இடமுள்ள பகுதி அதுதான். ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அன்று திறக்காமல் இருந்திருக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. நவம்பர் முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு, முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருக்கலாமா என்பது வேறு கேள்வி. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. வரலாறு காணாத மழை என்பதே அரசுத் தரப்பின் வாதமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை உங்கள் திட்டம் சொல்லியாக வேண்டும்.

மறுமொழி 3 — கிணற்றடி

விளைவுப் பகுதியில் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தையும் சேர்த்தால் கட்டுரை எடுப்பாக இருக்குமே? அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில், 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வந்து இறங்கியது. வெள்ளத்தில் மிதந்த ஊர் நான்கே ஆண்டில் ரயில் தண்ணீருக்குக் காத்திருந்தது என்று முடிக்கலாம்.

மறுமொழி 4 — பனையோலை

எடுப்பாகத்தான் இருக்கும், கிணற்றடி. ஆனால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், அதனால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டதும்தான் 2019க்கு நெருங்கிய காரணங்கள். 2015 வெள்ளம் 2019 பஞ்சத்தைப் பெற்றெடுக்கவில்லை. நீரைத் தேக்கும் இடங்களை இழந்தது இரண்டையும் கடுமையாக்கியது என்று வேண்டுமானால் எழுதலாம். அப்படி எழுதினால் இரண்டும் உடன்பிறப்புகள் ஆகும். அண்ணன் தம்பியைத் தகப்பன் மகனாக்கிவிடக் கூடாது.

முடிச்சூர்வாசி சொன்ன திருத்தத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். கட்டம் போடுவதற்கு முன்பே விளைவைச் சுருக்கச் சொல்லியிருக்க வேண்டும். அது என் விடுபாடு.

கேட்டவர் — இரண்டாமாண்டு மாணவன்

அனைவருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் பத்தியில் முடிச்சூரையும் கோட்டூர்புரத்தையும் அருகருகே வைத்து, ஒரே மழை இரண்டு வெள்ளங்களானதைக் காட்டப் போகிறேன். பிறகு கோட்டூர்புரத்தோடு மட்டும் நின்றுகொள்கிறேன். விளைவுகளிலும் விமான நிலையத்தை விட்டுவிட்டு, ஆற்றங்கரைக் குடியிருப்புகளை மட்டும் எடுக்கிறேன். மையக் கருத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: "தொடர் கனமழையால் நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரி தாமதமாகத் திறக்கப்பட்டதால், அடையாற்றின் கீழ்க்கரையில் வெள்ளம் கடுமையானது." இது போதுமா?

மறுமொழி 5 — பனையோலை

எண்பது விழுக்காடு வந்துவிட்டது. ஆனால் அந்த வாக்கியத்தில் இரண்டு 'ஆல்' இருக்கின்றன, பாருங்கள். மூன்றாம் வேற்றுமை உருபுக்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 'மழையால்' என்பது கருவி, அதில் குற்றமில்லை. 'திறக்கப்பட்டதால்' என்பதில் உள்ள 'ஆல்' காரணத்தைச் சொல்கிறது, ஆனால் செயப்பாட்டு வினை கருத்தாவை விழுங்கிவிட்டது. திறந்தவர் யார், தாமதம் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று உங்கள் பேராசிரியர் கட்டாயம் கேட்பார். அந்த இரண்டையும் எழுவாயாகவும் நாளாகவும் வாக்கியத்துக்குள் கொண்டுவர உங்களிடம் சான்று இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் 'தாமதமாக' என்ற சொல்லை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை திட்டத்தைக் கொடுங்கள்.